மாஸ்கோவில் அச்சான நூலும் மறைந்து பறக்கும் விமானங்களும்

போர் விமானங்களின் வரலாறு என்றால் அது வேகத்தின் வரலாறு, உயரத்தின் வரலாறு என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணி வந்திருக்கிறோம். எவனுடைய விமானம் விரைந்து பறக்கிறது, எவனுடைய விமானம் எட்டாத உயரத்தில் செல்கிறது என்பதே போட்டியாக இருந்த காலம் ஒன்று உண்டு. அக்காலம் கழிந்து அரை நூற்றாண்டு ஆகிறது. இன்று வல்லரசுகள் கோடி கோடியாகப் பொருளைக் கொட்டிப் போட்டியிடுவது வேறொன்றிற்காக. பகைவனின் கண்ணில் படாமல் போக வேண்டும். காரியத்தை முடித்துத் திரும்ப வேண்டும். ஆங்கிலத்தார் 'ஸ்டெல்த்' என்று வழங்கும் இதனைக் கரந்து செல்லும் கலை என்று நாம் தமிழில் சொல்லலாம். நம் வீட்டுப் பிள்ளைகள் இவ்விமானங்களின் பெயர்களையும் எண்களையும் மனப்பாடமாகச் சொல்கிறார்கள். அக்கலை எங்கே பிறந்தது, யார் கையில் வளர்ந்தது, யார் தலையில் விழுந்தது என்ற கதையை அவர்களுக்குச் சொல்வார் இல்லை. அதனை ஓரளவு விரித்து எழுத விரும்புகிறோம்.

கண் என்று மேலே சொன்னோம். வான்படைக்கு எதிரான கண் ராடார். 1935ஆம் ஆண்டு பிப்ரவரி 26ஆம் நாள் இங்கிலாந்தில் டேவென்ட்ரி என்ற ஊருக்கருகே, வானொலி நிலையத்தின் அலைகள் பறந்து செல்லும் விமானத்தின் மீது பட்டுத் திரும்புவதை ராபர்ட் வாட்சன் வாட் என்பவர் தம் துணைவருடன் சோதித்துக் காட்டினார். கிணற்றுக்குள் குரல் கொடுத்தால் எதிரொலி வருவது போன்றதே இது. அலையை அனுப்பு, திரும்பி வருவதைக் கேள், திரும்ப எடுத்துக்கொண்ட நேரத்திலிருந்து தொலைவைக் கணக்கிடு. ஐந்தே ஆண்டுகளில், 1940இல், ஜெர்மானிய விமானங்கள் இங்கிலாந்தைத் தாக்க வந்தபோது, எண்ணிக்கையில் குறைந்த ஆங்கில விமானப்படை தாக்குப்பிடித்ததற்கு இந்த எதிரொலி ஒரு பெருங்காரணம்.

ராடாரிலிருந்து தப்ப முதலில் தேடிய வழி உயரம். அமெரிக்காவின் யு-2 என்னும் உளவு விமானம் எழுபதாயிரம் அடி உயரத்தில் பறக்க வல்லது. 1960ஆம் ஆண்டு மே முதல் நாள், பாகிஸ்தானிலுள்ள பெஷாவரிலிருந்து புறப்பட்ட அவ்வகை விமானம் ஒன்று சோவியத் நாட்டின் நடுவே ஸ்வெர்ட்லோவ்ஸ்க் அருகில் ஏவுகணையால் வீழ்த்தப்பட்டது. விமானி பவர்ஸ் உயிருடன் பிடிபட்டார். யாரோ இருவருடைய பகைக்குத் தன் மண்ணை வாடகைக்கு விட்ட பாகிஸ்தான், மாஸ்கோவின் மிரட்டலைக் கேட்க நேர்ந்தது. உயரம் இனிக் காப்பாற்றாது என்பது அன்று முடிவாயிற்று. வேகமும் நெடுநாள் காப்பாற்றவில்லை. ஏவுகணையின் வேகத்தை மனிதன் அமர்ந்து செல்லும் விமானம் மிஞ்சுவதற்கு ஓர் எல்லை உண்டன்றோ?

திருப்பம் 1973இல் வந்தது. அவ்வாண்டு அக்டோபர் 6ஆம் நாள், ஹிஜ்ரி 1393 ரமலான் பிறை 10இல், எகிப்தும் சிரியாவும் தொடுத்த போரில் இஸ்ரேலின் விமானப்படை முதன்முறையாகப் பெரிய அடி வாங்கியது. சோவியத் நாடு கொடுத்திருந்த ஏவுகணைகள் சூயஸ் கால்வாயின் கரையிலும் கோலான் மேடுகளிலும் வானத்தை மூடி வைத்திருந்தன. மூன்று வாரத்திற்கும் குறைவான போரில் ஏறத்தாழ நூறு விமானங்களை இஸ்ரேல் இழந்தது. போரின் முடிவு எப்படி அமைந்தது என்பது வேறு செய்தி. வாஷிங்டனில் இருந்தவர்கள் பார்த்தது இந்தக் கணக்கை மட்டுமே. அமெரிக்க விமானங்களை ஓட்டிய, அமெரிக்கப் பயிற்சிக்கு ஈடான பயிற்சி பெற்ற விமானிகளுக்கே இக்கதி என்றால், ஐரோப்பாவில் சோவியத் படையுடன் நேருக்கு நேர் மோதும் நாளில் நம் விமானப்படை சில வாரங்கள்கூட நிற்காதே என்று அவர்கள் அஞ்சினர். ராடார் காணாத விமானம் ஒன்றைச் செய்ய முடியுமா என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறை விமானக் கம்பெனிகளைக் கேட்கத் தொடங்கியது அதன் பின்னரே.

இங்கே சிறிது கணக்கு. வாசகர்கள் பொறுத்தருள்க. ஒரு விமானம் ராடாருக்கு எவ்வளவு 'பெரிதாக'த் தெரிகிறது என்பதற்கு ஓர் அளவு உண்டு. அந்த அளவைப் பாதியாகக் குறைத்தால் ராடார் அதைக் காணும் தொலைவும் பாதியாகும் என்று நினைத்தால் ஏமாந்து போவோம். தொலைவைப் பாதியாக்க அந்த அளவைப் பதினாறில் ஒரு பங்காக்க வேண்டும். பத்தில் ஒரு பங்காக்க வேண்டுமாயின் பதினாயிரத்தில் ஒரு பங்காக்க வேண்டும். 200 கிலோமீட்டரில் தெரியும் விமானம் 20 கிலோமீட்டர் வரும்வரை தெரியாமல் இருக்க, அது பதினாயிரம் மடங்கு சுருங்க வேண்டும் என்பது பொருள். சாயம் பூசியும் ஓரங்களை மழுக்கியும் அந்த அளவுக்குச் சுருக்க இயலாது. வடிவத்தையே வேறாக்க வேண்டும். எந்த வடிவம் எவ்வளவு அலையை எந்தத் திசையில் திருப்பும் என்று முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்ல அன்று அமெரிக்காவில் முறையான வழி இல்லை.

வழி மாஸ்கோவில் இருந்தது. அதுவும் பூட்டிய பெட்டிக்குள் அன்று, அச்சிட்ட நூலாக.

பியோத்தர் உஃபிம்ட்செவ் என்பவர் 1931இல் அல்தாய்ப் பகுதியில் பிறந்த ருஷ்ய இயற்பியலாளர். மாஸ்கோவில் வானொலித் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் பணியாற்றியவர். மின்காந்த அலைகள் ஒரு பொருளின் விளிம்புகளில் மோதும்போது எவ்வாறு சிதறுகின்றன என்பதைக் கணக்கிடும் முறையை அவர் கண்டார். 'விளிம்பு அலைகளின் முறை' என்று பொருள்படும் தலைப்பில் 1962இல் அதை நூலாக வெளியிட்டார். இராணுவத்துக்குப் பயன்படும் எதையும் வெளியே விடாத நாடு சோவியத் நாடு. அந்நூலை அச்சிட அனுமதி கிடைத்ததே, இதனால் யாதொரு படைப்பயனும் இல்லை என்று அதிகாரிகள் கருதியதனால்தான். விமானம் வடிவமைப்போரும் அதைப் புரட்டிப் பார்க்கவில்லை.

1971இல் அமெரிக்க விமானப்படையின் அயல்நாட்டுத் தொழில்நுட்பப் பிரிவு, வழக்கமாக மொழிபெயர்க்கும் எத்தனையோ ருஷ்ய நூல்களுள் ஒன்றாக இதையும் ஆங்கிலத்தில் பெயர்த்து வைத்தது. சில ஆண்டுகள் கழித்து, கலிபோர்னியாவில் லாக்ஹீட் கம்பெனியில் வேலை பார்த்த டெனிஸ் ஓவர்ஹோல்சர் என்னும் கணித அறிஞர் அதைப் பொறுமையுடன் இறுதிவரை படித்தார். சமன்பாடுகள் நெருங்கிக் கிடக்கும் வறண்ட நூல் அது. படித்தவருக்கோ தாம் தேடிய திறவுகோல் கிடைத்துவிட்டது. அவரும், ஓய்வு பெற்றிருந்த பில் ஷ்ரோடர் என்ற மூத்த கணிதரும் சேர்ந்து சில வாரங்களில் கம்ப்யூட்டருக்குரிய கணக்கு நிரல் ஒன்றை எழுதினர். அக்காலத்துக் கம்ப்யூட்டர் வளைந்த பரப்புகளைக் கணக்கிடும் ஆற்றல் அற்றது. ஆகவே விமானத்தின் உடல் முழுவதையும் தட்டையான பலகைகளாகவே வெட்டினர். வைரத்துக்குப் பட்டை தீட்டியது போன்ற அவ்வடிவைக் கண்ட விமானக்காரர்கள், இது பறக்கவே பறக்காது என்று சிரித்தனர்.

சிரித்தவர்களுள் பெரியவர் ஒருவர் உண்டு. யு-2 விமானத்தை உருவாக்கிய கெல்லி ஜான்சனே அவர். தாம் முன்பு செய்த ஆளில்லா விமானத்தைவிட இது ராடாருக்குச் சிறிதாகத் தெரியாது என்று கால் டாலர் பந்தயம் கட்டினார், தோற்றார். அவருக்குப் பின் பொறுப்பேற்ற பென் ரிச் தம் நினைவுக்குறிப்புகளில் இன்னொரு நிகழ்ச்சியையும் சொல்கிறார். பாலைவனத்தில் கம்பத்தின் மீது மாதிரி வடிவை நிறுத்தி ராடாரால் அளந்தபோது, ராடாரை இயக்கியவர் திரையில் எதுவும் தெரியாமல், மாதிரி கீழே விழுந்துவிட்டதோ என்று கேட்டாராம். சற்று நேரத்தில், இதோ தெரிகிறது என்றாராம். பார்த்தால், கம்பத்தின் மேலிருந்த வடிவத்தின் மீது கருநிறப் பறவை ஒன்று வந்து அமர்ந்திருந்தது. ராடார் கண்டது பறவையை.

இந்த இடத்தில் அரபு நூல்களுடன் பழகிய நமக்கு பஸரா நகரத்து அறிஞர் ஒருவர் நினைவுக்கு வருகிறார். சுமார் 965இல் அங்கே பிறந்து கெய்ரோவில் வாழ்ந்து மறைந்த இப்னுல் ஹைதம், 'கிதாபுல் மனாளிர்' என்னும் தம் பெருநூலில், கண்ணிலிருந்து ஒளி புறப்பட்டுப் பொருளைத் தொடுகிறது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து ஒளி கண்ணுக்கு வருவதே பார்வை என்று நிறுவினார். பொருளும் கண்ணும் இருக்கும் இடம் தெரிந்தால், வளைந்த கண்ணாடியின் எந்தப் புள்ளியில் ஒளி தெறித்துக் கண்ணை அடையும் என்பது அவர் தீர்த்துவைத்த பெருங்கணக்குகளுள் ஒன்று. கலிபோர்னியாவில் அமர்ந்திருந்தவர்கள் போட்டது அதே கணக்கைத்தான், தலைகீழாகப் போட்டார்கள். எந்தப் புள்ளியிலிருந்தும் எதுவும் தெறித்துக் கண்ணை அடையாதபடி ஒரு வடிவம் உண்டா என்பது அவர்கள் கேள்வி. இப்னுல் ஹைதமின் நூல் லத்தீனில் பெயர்க்கப்பட்டு 1572இல் பாஸல் நகரில் அச்சேறி, ஐரோப்பிய ஒளியியலுக்கு அடிப்படையாயிற்று. நம்மவர் எழுதிய நூலை நம்மவர் படிக்கவில்லை, பிறர் படித்து முன்னேறினர் என்று மேடைதோறும் புலம்புவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அது முழு உண்மையும் அன்று. 1300ஐ ஒட்டிய ஆண்டுகளில் கமாலுத்தீன் அல்ஃபாரிஸி அந்நூலை வரிவரியாக ஆராய்ந்து விரிவுரை எழுதி, வானவில்லின் காரணத்தை அதிலிருந்தே விளக்கினார். உஃபிம்ட்செவ் அவர்களுக்கோ தம் நாட்டில் அப்படி ஓர் ஃபாரிஸி கிடைக்கவில்லை. 1990இல் அவர் வருகைப் பேராசிரியராக லாஸ் ஏஞ்சலஸ் சென்றார். தம் சமன்பாடுகள் என்னவாக உருவெடுத்துப் பறந்துகொண்டிருக்கின்றன என்பதை அங்கே போன பிறகே முழுமையாக அறிந்தார்.

கதைக்குத் திரும்புவோம். 1977 டிசம்பர் முதல் நாள் நெவாடா பாலைவனத்தில் முதற் சோதனை விமானம் பறந்தது. அவ்வகையில் செய்த இரண்டும் விபத்தில் அழிந்தன. ஆயினும் கருத்து நிலைபெற்றது. 1981 ஜூனில் எஃப்-117 பறந்தது. மொத்தம் 59 விமானங்கள் படைக்குச் செய்யப்பட்டன. இரவில் மட்டுமே பறந்தன. அவற்றை ஓட்டியவர்கள் என்ன வேலை பார்க்கிறார்கள் என்பது அவர்தம் மனைவியருக்கும் தெரியாது. 1988 நவம்பரில்தான் அமெரிக்கா இப்படி ஒரு விமானம் உண்டு என்று ஒப்புக்கொண்டது. அதே மாதத்தில் பி-2 என்னும் பெரிய குண்டுவீச்சு விமானத்தையும் வெளியே கொண்டுவந்து காட்டியது. இடைக்காலத்தில் கம்ப்யூட்டரின் ஆற்றல் பெருகிவிட்டதால் பி-2இன் உடலில் தட்டைப் பலகைகள் இல்லை. வௌவால் சிறகு விரித்தாற்போன்ற வளைவுகளே உள்ளன.

சோவியத் நாடு இதற்கு எதிராக என்ன செய்தது? அதன் படைநெறி வேறு. அகன்ற நிலப்பரப்பும், அதைச் சுற்றி அடுக்கடுக்காக ராடார்களும் ஏவுகணைகளும் கொண்ட நாடு அது. அந்த வேலியைத் தாண்டி உள்ளே நுழைய நினைப்பவனுக்குத்தான் மறைவு வேண்டும். வேலிக்குள் இருப்பவனுக்கு நல்ல கண் வேண்டும். ருஷ்யர்கள் கண்ணிலேயே பொருளைச் செலவிட்டனர். இரு நாடுகளின் மனப்போக்கே அவர்கள் செய்த கருவிகளில் தெரிகிறது என்பது நம் கருத்து. பிறர் வீட்டுக்குள் நுழையும் எண்ணம் உடையவன் காலணியைக் கழற்றுவான்; காவல் காப்பவன் விளக்கேற்றுவான். எனினும் ஆப்கானிஸ்தானில் 1979 முதல் 1989 வரை சோவியத் படை செய்தவற்றை மறந்து அதைக் காவல்காரன் என்று மட்டும் சொன்னால் நாம் பிழை செய்தவர்களாவோம்.

ஐரோப்பாவில் சோவியத் படைக்கு எதிராக நினைத்துச் செய்த கருவி, இறுதியில் விழுந்த இடம் பக்தாத். பனாமாவில் 1989இல் ஒரு சிறு முன்னோட்டம் நடந்தது. பின்னர், சதாம் உசேன் குவைத்தை விழுங்கியதைத் தொடர்ந்து எழுந்த போரில், 1991 ஜனவரி 17ஆம் நாள் இரவு எஃப்-117கள் பக்தாதின் மீது பறந்தன. அவை புறப்பட்ட இடம் சவூதி அரேபியாவின் தென்பகுதியில் கமீஸ் முஷைத் அருகிலுள்ள விமானத் தளம். உலகத்தின் மிகக் கடுமையான வான்காப்புகளுள் ஒன்று என்று சொல்லப்பட்ட பக்தாதின் பீரங்கிகள் இருட்டை நோக்கிச் சுட்டுக்கொண்டே இருந்தன. அப்போரில் ஆயிரத்து இருநூறுக்கும் மேற்பட்ட முறை பறந்தும் ஓர் எஃப்-117கூட விழவில்லை.

அரபுப் பத்திரிகைகள் இதற்கு வைத்த பெயர் 'அஷ்ஷபஹ்'; ஆவி, பேய்த் தோற்றம் என்ற பொருளில். பழைய அகராதிகளை எடுத்துப் பார்த்தால் 'ஷபஹ்' என்ற சொல்லுக்குத் தொலைவில் உருவாய்க் கண்ணுக்குத் தோன்றுவது என்றே பொருள் காண்கிறோம். கண்ணுக்குத் தோன்றுவதைச் சொன்ன சொல், கண்ணுக்குத் தோன்றாததன் பெயராகிவிட்டது.

அப்போரின் வெற்றிச் செய்திகளில் எஃப்-117 குறிதவறாத கருவியாகக் காட்டப்பட்டது. தொலைக்காட்சியில் புகைபோக்கி வழியே நுழையும் குண்டுகளை உலகமே கண்டது. போட்ட குண்டுகளில் நூற்றுக்கு எண்பது இலக்கில் பட்டன என்றது பாதுகாப்புத் துறை. அமெரிக்க நாடாளுமன்றத்தின் கணக்காய்வு அலுவலகமே 1997இல் வெளியிட்ட அறிக்கை, அந்த விகிதம் 41க்கும் 60க்கும் இடைப்பட்டதே என்று திருத்தியது. அறிக்கைகள் ஆறு ஆண்டு கழித்து வருகின்றன. படங்கள் அன்றிரவே வந்துவிடுகின்றன.

குறி தவறாமல் பட்ட குண்டுகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1991 பிப்ரவரி 13, விடிவதற்கு முன். ரஜப் மாதத்தின் இறுதி நாட்கள் அவை. பக்தாதின் மேற்குப் பகுதியில் ஆமிரிய்யா என்னும் குடியிருப்பில் மக்கள் ஒதுங்குவதற்கென்று கட்டிய காங்கிரீட் அரண் ஒன்று இருந்தது. இரவுதோறும் அக்கம்பக்கத்துப் பெண்களும் குழந்தைகளும் பாய் தலையணையுடன் அங்கே சென்று உறங்குவார்கள். எஃப்-117 விமானங்களிலிருந்து இரண்டாயிரம் பவுண்டு எடையுள்ள இரண்டு குண்டுகள் அதன் மீது விழுந்தன. முதற்குண்டு கூரையைத் துளைத்தது. இரண்டாவது அத்துளை வழியே உள்ளே சென்று வெடித்தது. நானூறுக்கும் மேற்பட்டோர் வெந்து மாண்டனர். அது படைத்தலைமை நிலையம் என்று தாங்கள் அறிந்திருந்ததாக அமெரிக்கர் கூறினர். உள்ளே மக்கள் உறங்குவதை அறியவில்லை என்றனர். ராடார் காணாத விமானத்தைச் செய்தவர்கள், அவ்விமானம் காணாதது எது என்று கேட்டுக்கொண்டார்களா? அன்று பக்தாத் மக்களுக்கு எச்சரிக்கைச் சங்குகூட முன்கூட்டி ஒலிக்க வழியில்லாமற் போனதற்கும் இந்த மறைவே காரணம். வரும் விமானம் தெரிந்தால்தானே சங்கு ஊத முடியும்? போர்நூலார் இதை ஒரு வெற்றியாகக் குறிப்பர். அரணுக்குள் பிள்ளைகளை விட்டுவிட்டு, துணி துவைக்கவும் உணவு எடுத்து வரவும் வீடு திரும்பியிருந்த தாய்மார்களும் உண்டு. அவர்கள் பக்கத்திலிருந்து இதற்கு எழுதப்பட்ட வரலாறு மிகக் குறைவு. அந்த அரண் பின்னர் நினைவிடமாக வைக்கப்பட்டது.

எட்டு ஆண்டுகளுக்குப் பின் சேர்பியாவில் வேறொரு காட்சி. கொசோவோ முஸ்லிம்களை சேர்பியப் படைகள் ஊர் ஊராகத் துரத்திக்கொண்டிருந்த நாட்கள் அவை. 1999 மார்ச்சில் நேட்டோ நாடுகள் சேர்பியாவைக் குண்டு வீசித் தாக்கின. பக்தாதை நினைத்து அவ்விமானங்களைச் சபித்த உள்ளங்களே கொசோவோவை நினைத்து அவற்றின் வரவை எதிர்பார்த்தன என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. மார்ச் 27ஆம் நாள் இரவு, பெல்கிரேடுக்கு மேற்கே புடானோவ்சி என்ற சிற்றூருக்கருகில் ஓர் எஃப்-117 வீழ்ந்தது. வீழ்த்தியவர் ஸோல்டான் டானி என்னும் ஏவுகணைப் படைப்பிரிவுத் தலைவர். அவரிடம் இருந்தது 1960களில் சோவியத் நாடு செய்த எஸ்-125 ஏவுகணை.

இது எப்படி இயன்றது? எஃப்-117இன் பட்டைகள் குறுகிய அலை வீசும் ராடார்களை ஏமாற்றவே தீட்டப்பட்டவை. மீட்டர் கணக்கில் நீண்ட அலை வீசும் பழைய ராடாருக்கு அந்தப் பட்டைகள் பெரிதாகப் படுவதில்லை. அது துல்லியமாகக் காட்டாவிடினும், இத்திசையில் ஏதோ வருகிறது என்று காட்டிவிடும். டானி அத்தகைய பழைய ராடாரை வைத்து வரவை அறிந்தார். குறி வைக்கும் ராடாரைச் சில வினாடிகளுக்கு மேல் எரியவிடக் கூடாது, சுட்ட இடத்தில் நிற்கக் கூடாது என்று தம் ஆட்களைக் கண்டிப்பாகப் பழக்கியிருந்தார். ஏனெனில் ராடார் எரியும் இடத்தைத் தேடி வந்து தாக்கும் ஏவுகணைகள் நேட்டோவிடம் இருந்தன. அமெரிக்கர்களோ தம் விமானத்தை யாரும் காண இயலாது என்ற நம்பிக்கையில், இரவுக்கு இரவு ஒரே வழியில் போய்வந்தனர். மறைந்து போகிறவன் தினமும் ஒரே சந்தில் போனால் திண்ணையில் இருக்கும் கிழவனுக்கும் தெரிந்துவிடும்.

விமானி டேல் ஸெல்கோ மீட்கப்பட்டார். போர் முடிந்தபின் டானி தம் ஊரில் ரொட்டிக்கடை வைத்தார். 2011இல் இருவரும் சந்தித்து, குடும்பத்தோடு நண்பர்களானார்கள். விமானத்தின் சிதைவுகள் பெல்கிரேடு அருங்காட்சியகத்தில் உள்ளன.

அப்போரில் நடந்த மற்றொன்று பெரிய விளைவுகளை உண்டாக்கியது. 1999 மே 7ஆம் நாள் பி-2 விமானம் வீசிய குண்டுகள் பெல்கிரேடிலிருந்த சீனத் தூதரகத்தின் மீது விழுந்து மூன்று சீனர் இறந்தனர். பழைய வரைபடத்தால் வந்த தவறு என்றது அமெரிக்கா, சீனா நம்பவில்லை. தங்கள் வானத்துக்கும் இவ்வாறு வந்தால் என்ன செய்வது என்ற கேள்வி பெய்ஜிங்கில் அன்று ஓயவில்லை. 2009இல் அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ், 2020 வரையில் சீனாவிடம் இத்தகைய போர் விமானம் ஒன்றுகூட இராது என்று கணித்துரைத்தார். எஃப்-22 என்னும் அரிய விமானத்தை 187உடன் நிறுத்திவிடலாம் என்பதற்கு அதை ஒரு காரணமாகவும் காட்டினார். 2011 ஜனவரி 11ஆம் நாள், அதே கேட்ஸ் பெய்ஜிங்கில் விருந்தினராக இருந்தபோதே, செங்டு நகரில் ஜே-20 பறந்தது. 2017இல் படையிலும் சேர்ந்தது. ஜே-20 பறந்த அதே மாதத்தில் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, பி-2இல் பணிபுரிந்தவரும் மும்பையில் பிறந்தவருமான நோஷிர் கோவாடியா என்ற பொறியியலாளருக்கு, சீனாவுக்கு இரகசியங்களை விற்ற குற்றத்துக்காக 32 ஆண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. அமெரிக்கருக்கு நூலைக் காசு கொடுத்து வாங்கினாலே போதுமாயிருந்தது. சீனருக்கு ஆளையே வாங்க வேண்டியிருந்தது.

சீனரின் போர்முறை அமெரிக்கருடையதிலிருந்து வேறானது. அமெரிக்கர் பல்லாயிரம் மைல் கடந்து வந்து அடுத்தவர் தலைநகரைத் தாக்க எண்ணுகிறவர்கள். சீனர் தங்கள் கடற்கரைக்கு அப்பால் பசிபிக் பெருங்கடலிலேயே அவர்களைத் தடுக்க எண்ணுகிறார்கள். அவ்வளவு தொலைவு வரும் விமானங்களுக்கு நடுவானில் எண்ணெய் ஊட்டும் விமானங்கள் வேண்டும். தொலைவில் நின்று பார்த்துச் சொல்லும் ராடார் விமானங்கள் வேண்டும். இவை பெரியவை, மெதுவாகச் செல்பவை, மறைவற்றவை. ஜே-20 நீண்டதூர ஏவுகணையுடன் அவற்றைத் தேடிச் செல்லவே உருவாக்கப்பட்டது என்று போரியல் அறிஞர் பலர் கணிக்கின்றனர். வீரனை விட்டுவிட்டு அவனுக்குத் தண்ணீர் சுமந்து வருபவனை வீழ்த்துவது பழைய தந்திரந்தான்.

ருஷ்யா 2010இல் பறக்கவிட்ட விமானம் பின்னர் சு-57 என்று பெயர் பெற்றது. முதலாவது 2020 டிசம்பரில்தான் படைக்குக் கிடைத்தது, எண்ணிக்கையும் குறைவு. 2024 ஜூனில் உக்ரைனிய ஆளில்லா விமானங்கள் போர்முனையிலிருந்து 589 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அக்டூபின்ஸ்க் தளத்தில், தரையில் நின்றிருந்த சு-57 ஒன்றைச் சேதப்படுத்தியதாக உக்ரைன் அறிவித்தது. வானத்தில் மறையலாம், தரையில் நிற்கும்போது அதுவும் வெட்டவெளியில் நிற்கும் விமானந்தான். இந்தியா ருஷ்யாவுடன் சேர்ந்து இத்தகைய விமானம் செய்யும் திட்டத்திலிருந்து 2018இல் விலகியது. தன் சொந்த விமானத்தை வடிவமைக்க 2024 மார்ச்சில் அரசு ஒப்புதல் அளித்து, ஏறத்தாழ 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியது.

துருக்கியின் கதை தனியே எழுதத் தக்கது, சுருங்கச் சொல்கிறோம். அமெரிக்கக் கூட்டணியில் சேர்ந்து எஃப்-35 விமானத்தின் உறுப்புகளைச் செய்துகொண்டிருந்த நாடு துருக்கி. அது ருஷ்யாவிடம் எஸ்-400 ஏவுகணை வாங்கியதும், 2019 ஜூலையில் அமெரிக்கா அதைத் திட்டத்திலிருந்து வெளியேற்றியது. காரணம் கோபம் மட்டுமன்று. ஒரே நாட்டில் எஃப்-35உம் எஸ்-400உம் அருகருகே இருந்தால், அந்த ராடார் அவ்விமானத்தை நாள்தோறும் பார்த்துப் பார்த்துப் படித்துவிடும் என்ற அச்சம் பெரிதாயிருந்தது. துருக்கி தானே செய்த 'கான்' விமானம் 2024 பிப்ரவரி 21இல் பறந்தது. பறந்ததென்னவோ உண்மை, அதன் எஞ்சின் அமெரிக்காவுடையது. அடுத்தவன் எஞ்சினில் எழும் விமானம் எவ்வளவு தூரம் அடுத்தவனுக்கு அஞ்சாமல் பறக்கும் என்பது அங்காராவில் உள்ளவர்களும் அறிந்ததே. தங்கள் எஞ்சினைச் செய்ய அவர்கள் முயன்று வருகின்றனர்.

பொருட்செலவைச் சொல்லாமல் விட முடியாது. பி-2 விமானங்கள் 132 செய்வதாக இருந்தார்கள், 21உடன் நிறுத்தினார்கள். ஆராய்ச்சிச் செலவையும் சேர்த்தால் ஒன்றின் விலை இருநூறு கோடி டாலருக்கு மேல். அதன் மேற்பூச்சு வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் கெடாதிருக்கக் குளிரூட்டிய கொட்டகைகள் வேண்டும். எஃப்-35இன் ஆயுட்காலச் செலவு முழுவதும் இரண்டு இலட்சம் கோடி டாலரைத் தாண்டும் என்று அமெரிக்கக் கணக்காய்வாளரே மதிப்பிட்டுள்ளனர். மறைவு என்பது ஒருமுறை வாங்கி வைக்கும் பொருள் அன்று. நாள்தோறும் பூசித் துடைத்துக் காக்க வேண்டியது.

2025 ஜூன் 22ஆம் நாள் ஏழு பி-2 விமானங்கள் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்திலிருந்து பதினெட்டு மணி நேரம் பறந்து சென்று, ஈரானின் ஃபோர்தோ, நதன்ஸ் அணு நிலையங்கள் மீது பதினான்கு பெருங்குண்டுகளை வீசித் திரும்பின. அன்று வேறு சில பி-2கள் எல்லாரும் காணும்படி மேற்கே பசிபிக் பக்கம் அனுப்பப்பட்டிருந்தன. உலகம் அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மற்றவை கிழக்கே சென்றன. தொண்ணூறு ஆண்டு ராடார்க் கலைக்கும் ஐம்பது ஆண்டு மறைவுக் கலைக்கும் பிறகு, ஒரு கையைக் காட்டி மறு கையை மறைக்கும் சந்தைக்கடை வித்தையும் வேண்டியிருந்தது.

போட்டி நின்றபாடில்லை. 2024 டிசம்பர் 26இல் சீனாவின் வானில் வால் இல்லாத புதிய விமானம் ஒன்று பகலிலேயே பறந்தது. 2025 மார்ச்சில் அமெரிக்கா எஃப்-47 என்னும் அடுத்த தலைமுறை விமானத்தைச் செய்யும் பொறுப்பை போயிங் கம்பெனிக்கு அளித்தது. இன்னொரு பக்கம், எல்லா நாடுகளும் டானி பயன்படுத்தியது போன்ற நீண்ட அலை ராடார்களைப் புதுக்கி, பல இடங்களில் நிறுத்தி, கம்ப்யூட்டரால் இணைத்து வருகின்றன.

பட்டை தீட்டிய அந்தப் பழைய எஃப்-117கள் 2008 ஏப்ரலில் ஓய்வு பெற்றன. ஆயினும் அவற்றுள் சில நெவாடா பாலைவனத்தில் மீண்டும் பறப்பதை அதன் பின்னர்ப் பலர் கண்டனர். விமானப்படையும் அதனை ஒப்புக்கொண்டது. இப்போது பயிற்சிப் போர்களில் அவை பகைவனின் விமானமாக வருகின்றன. அமெரிக்க விமானிகளும் ராடார்க்காரர்களும் அவற்றைக் கண்டுபிடிக்கப் பழகுகிறார்கள்.